இஸ்தான்பூல் தந்த சிறகுகளும் குரல்களும்



நமது பாட்டன்மாரின் பழைய நிழற்படங்களில் சிவப்புத் துருக்கித் தொப்பியைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தொப்பியோடு நீதிமன்றத்தில் வழக்காட முடியாது என்று 1905ஆம் ஆண்டில் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் அவர்களுக்குக் கூறப்பட்டபோது இலங்கை முஸ்லிம்கள் அனைவருமே கொதித்தெழுந்தார்கள். அக்காலத்தில் நம்மவர்களின் கண்கள் துருக்கியின் பக்கமே திரும்பியிருந்தன. உஸ்மானிய சுல்தான்களின் தலைநகரமான இஸ்தான்பூலின் பெயரை அறியாத முஸ்லிம் வீடு இருந்திருக்காது.

அந்த நகரின் பள்ளிவாசல்களைப் பற்றியும் அரண்மனைகளைப் பற்றியும் நிறையப் படித்திருக்கிறோம். இம்மாதம் அங்கு வாழ்ந்த சில மனிதர்களைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். இவர்களில் சிலர் வானத்தில் பறந்தவர்கள். வேறு சிலர் மேடையில் நடித்தவர்கள், பாடியவர்கள். பறப்பதற்கும் பாடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இரண்டையுமே ஊர் அண்ணாந்து பார்க்கும். இரண்டிலுமே தவறி விழுந்தால் ஊர் முழுவதும் அறியும். முதலாவதாகத் துணிந்தவரை அந்த ஊர் எப்படி நடத்தியது என்பதையே இந்த வரலாறுகள் நமக்குக் காட்டுகின்றன.

(பெயர்கள் துருக்கியில் சற்று வேறு விதமாக ஒலிக்கும். இயன்றவரை நமது வீடுகளில் வழங்கும் விதத்திலேயே இங்கு தந்திருக்கிறோம்.)

கோபுரத்திலிருந்து பறந்தவர்

பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவ்லியா செலபி என்ற பெரும் பயணி தமது பயண நூலில் ஒரு செய்தியை எழுதி வைத்துள்ளார். ஹெஸார்ஃபென் அஹ்மத் செலபி என்பவர் கழுகின் சிறகுகளைப் போன்ற சிறகுகளைக் கட்டிக்கொண்டு முதலில் ஒரு மைதானத்தில் பல தடவை பறந்து பழகினாராம். பின்னர் கலாத்தா கோபுரத்தின் உச்சியிலிருந்து குதித்து, பொஸ்பரஸ் நீரிணையைக் கடந்து, மறுகரையிலுள்ள உஸ்குதாரில் இறங்கினாராம். கோபுரம் நிற்பது ஐரோப்பாக் கரையில். உஸ்குதார் இருப்பது ஆசியாக் கரையில். இடையில் மூன்று கிலோ மீற்றருக்கு மேல் தூரம். சுல்தான் நான்காம் முராத் இதைக் கண்டு வியந்து ஒரு பை நிறையப் பொற்காசுகள் கொடுத்தார். ஆனால் எதையும் செய்யக்கூடிய இந்த மனிதர் ஆபத்தானவர் என்ற எண்ணமும் சுல்தானுக்கு எழவே, அவரை அல்ஜீரியாவுக்கு நாடு கடத்திவிட்டாராம்.

அதே காலத்தில் லகாரி ஹஸன் செலபி என்பவர் வெடிமருந்து நிரப்பிய வாணத்தில் ஏறி விண்ணில் பாய்ந்து, கடலில் இறங்கி நீந்தி வந்தார் என்றும் அவ்லியா செலபி எழுதுகிறார். இவ்விரண்டு செய்திகளுக்கும் அவருடைய நூலைத் தவிர வேறு சான்று கிடையாது. அவர் சுவைபடக் கூட்டிச் சொல்லும் பழக்கமுள்ளவர் என்பதால் வரலாற்று ஆசிரியர்கள் இவற்றை அப்படியே ஏற்பதில்லை. என்றாலும் முதற் கதையின் முடிவைக் கவனியுங்கள். பரிசும் தண்டனையும் ஒரே கையால் கொடுக்கப்பட்டன! பின்னால் வரும் உண்மை வரலாறுகளிலும் இதன் சாயலைக் காண்பீர்கள்.

1913இல் வானேறிய பெண்

1912, 1913ஆம் ஆண்டுகளில் நடந்த பால்கன் யுத்தத்தில் உஸ்மானிய அரசு தோல்வியடைந்தது. ஐரோப்பாவில் இருந்த பெரும்பாலான நிலம் கைவிட்டுப் போயிற்று. அந்தத் துயரமான நாட்களில், 1913 ஏப்ரலில், உல்வியா என்ற பெண்மணி இஸ்தான்பூலில் 'பெண்கள் உலகம்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். எழுதுவோர் முதற்கொண்டு எல்லோரும் பெண்களே. பெண்களின் உரிமை ஏற்கப்படும் வரையில் ஆண்களின் எழுத்துக்கு இடமில்லை என்றும் அறிவித்திருந்தார்கள்! அதே ஆண்டில் பெண்களின் உரிமைக்காக ஒரு சங்கத்தையும் அவர்கள் அமைத்துக்கொண்டார்கள்.

இச்சங்கத்தின் உறுப்பினரே பெல்கிஸ் ஷவ்கத் ஹானிம். இராணுவத்துக்கு ஓர் ஆகாய விமானம் வாங்கிக் கொடுக்க வேண்டும், அதற்குப் 'பெண்கள் உலகம்' என்று பெயர் சூட்ட வேண்டும், பணத்தைப் பெண்களே சேர்க்க வேண்டும் என்பது சங்கத்தின் ஆசை. அதற்காக 1913 டிசம்பர் 1ஆம் திகதி பெல்கிஸ் ஹானிம், ஃபத்ஹி பே என்ற இராணுவ விமானி ஓட்டிய விமானத்தில் ஏறி இஸ்தான்பூலின் மேல் பறந்தார். மேலிருந்து துண்டுப் பிரசுரங்களையும் வீசினார். வானத்தில் பறந்த முதல் துருக்கிய முஸ்லிம் பெண் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. அந்நாளைய விமானம் எப்படிப்பட்டது தெரியுமா? மரச்சட்டமும் துணியும் கம்பியும் கொண்டு கட்டிய ஒன்று. தலைக்கு மேல் கூரையும் கிடையாது.

அதே சங்கத்துப் பெண்கள் இன்னொரு கதவையும் தட்டினார்கள். நகரின் தொலைபேசிக் கம்பனியில் வேலை கேட்டுச் சென்ற முஸ்லிம் பெண்கள் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார்கள். பத்திரிகை இதை விடாமல் எழுதியது. கடைசியில் கம்பனி இணங்கி அவர்களில் சிலரைச் சேர்த்துக்கொண்டது. அந்த ஆரம்ப காலத்தில் அங்கு வேலைக்குச் சேர்ந்த ஓர் இளம் பெண்ணின் பெயர் பதீஆ. அவரைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

பெல்கிஸ் ஹானிமை அழைத்துச் சென்ற ஃபத்ஹி பே அதன் பின் மூன்று மாதங்கள்கூட உயிரோடிருக்கவில்லை. 1914 பெப்ரவரியில் இஸ்தான்பூலிலிருந்து கெய்ரோ வரை பறப்பதற்கு இரண்டு விமானங்கள் புறப்பட்டன. ஃபத்ஹியும் அவருடைய துணைவர் சாதிக் பேயும் சென்ற விமானம் டமஸ்கஸைத் தாண்டி, கலிலேயா ஏரிக்கருகே விழுந்து நொறுங்கியது. இருவரும் மரணமானார்கள். அடுத்த மாதம் இரண்டாவது விமானம் யாஃபாவுக்கு அருகே கடலில் விழ, நூரி பே உயிர் நீத்தார். மூவரின் ஜனாஸாக்களும் டமஸ்கஸில் சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியின் கப்ருக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டன. அவர்களுடைய நினைவுத்தூண் இன்றும் இஸ்தான்பூலின் ஃபாத்திஹ் பகுதியில் நிற்கிறது.

மேடையேறிய அஃபீபா

பெல்கிஸ் ஹானிம் பறந்து ஏழு ஆண்டுகள் கூடக் கழியவில்லை. அதே நகரில் இன்னொரு இளம் பெண்ணின் கதை வேறு விதமாக முடிந்தது.

அஃபீபா 1902இல் இஸ்தான்பூலில் பிறந்தார். நாடகத்தில் அவருக்கு அளவற்ற ஆசை. அக்காலத்தில் பெண் வேடங்களை ஆர்மீனிய, கிரேக்கப் பெண்களே நடித்து வந்தார்கள். முஸ்லிம் பெண்களுக்கு மேடை மறுக்கப்பட்டிருந்தது. 1918ஆம் ஆண்டின் இறுதியில் நகர சபையின் நாடகக் கழகம் ஐந்து முஸ்லிம் பெண்களைப் பயிற்சிக்குச் சேர்த்தது. அவர்களில் ஒருவர் அஃபீபா. தந்தையார் இதை ஏற்கவில்லை. நாடகத்துக்காக அவர் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது.

1920இல் கதிகோய் பகுதியிலிருந்த அப்போலோன் அரங்கில் ஒரு நாடகம் நடக்கவிருந்தது. அதில் நடித்து வந்த ஆர்மீனிய நடிகை வெளிநாடு சென்றுவிட்டார். அந்த இடத்துக்கு அஃபீபா வந்தார். மேடைக்கென 'ஜாலே' என்ற பெயரை வைத்துக்கொண்டார். அன்று இரவு மக்கள் ஆரவாரித்தார்கள். செய்தி பரவியதும் பொலிஸார் அரங்குக்கு வரத் தொடங்கினார்கள். உடன் நடித்த கினார் ஹானிம் என்ற ஆர்மீனிய நடிகை ஒரு நாள் அவரைப் பின்வழியாகத் தப்ப வைத்தார் என்று சொல்வார்கள். 1921ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முஸ்லிம் பெண்கள் மேடையேறக் கூடாது என்று அதிகாரிகளின் கட்டளை வந்தது. நாடகக் கழகம் அஃபீபாவை விலக்கியது.

அப்போது அவருக்கு வயது பத்தொன்பதுதான். திரும்பிப் போக வீடு இல்லை. செய்து பிழைக்கத் தொழிலும் இல்லை. கடுமையான தலைவலி அவரை வாட்டியது. வேதனையைத் தணிக்கக் கொடுக்கப்பட்ட மோர்ஃபின் மருந்தே அவருக்கு விலங்காகிவிட்டது. 1923இல் குடியரசு ஏற்பட்டு மேடைத் தடை நீங்கியது. அவரும் ஊர் ஊராகச் சென்று நடித்தார். ஆனால் உடல் முன்னரே தளர்ந்துவிட்டது. 1929இல் இசையமைப்பாளர் ஸலாஹத்தின் பினார் அவரை மணந்தார். எவ்வளவோ முயன்றும் அவரால் அஃபீபாவை அந்தப் பழக்கத்திலிருந்து மீட்க முடியவில்லை. 1935இல் இருவரும் பிரிந்தார்கள். 1941 ஜூலை 24ஆம் திகதி பக்கிர்கோய் மனநல ஆஸ்பத்திரியில் அஃபீபா காலமானார். வயது முப்பத்தொன்பது.

1997ஆம் ஆண்டிலிருந்து துருக்கியின் பெயர்பெற்ற நாடக விருதுகள் அவருடைய பெயரிலேயே வழங்கப்பட்டு வருகின்றன. உயிரோடிருந்தபோது ஒரு வேளை நிம்மதியாக உண்ண வழியில்லாத பெண்ணின் பெயர் இன்று விருதாக மின்னுகிறது.

சகோதரிகளே, மேடையில் நடிப்பது பற்றி நம்மில் பலருக்குப் பலவித அபிப்பிராயங்கள் இருக்கும். அந்த விவாதம் ஒரு புறம் இருக்கட்டும். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியின் முன்னால் எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் மூடப்பட்டால் அவள் எங்கே போவாள் என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள். பெல்கிஸ் ஹானிமுக்குப் பின்னால் ஒரு சங்கமும் ஒரு பத்திரிகையும் இருந்தன. அவர் பறந்ததும் நாட்டின் இராணுவத்துக்காக. அதனால் ஊர் வாழ்த்தியது. அஃபீபாவோ தன்னிடமிருந்த திறமைக்காக மட்டுமே மேடையேறினார். அவருக்காகப் பேச ஒருவரும் வரவில்லை.

கைபிடித்து அழைத்துச் செல்லப்பட்ட பதீஆ

தொலைபேசிக் கம்பனியில் சேர்ந்த பதீஆ பின்னர் பிரெஞ்சு மொழி ஆசிரியையாகவும் பணியாற்றினார். அஹ்மத் ரஃபத் முவஹ்ஹித் என்ற நடிகரை மணந்தார். 1923இல், பிரபல எழுத்தாளர் காலிதா அதீப் எழுதிய நாவல் ஒன்று திரைப்படமாக்கப்பட்டது. இதில் துருக்கியப் பெண்களின் வேடத்தைத் துருக்கிய முஸ்லிம் பெண்களே ஏற்க வேண்டும் என்று நாவலாசிரியை நிபந்தனை விதித்தார். பதீஆவும் நைய்யிரா என்ற இன்னொரு பெண்ணும் நடித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் இஸ்மீர் நகரில், முஸ்தபா கமாலின் விருப்பப்படி பதீஆ நாடக மேடையிலும் ஏறினார்.

1921இல் அஃபீபாவை விரட்டிய அதே காரியம் 1923இல் பதீஆவுக்குப் பெருமை தேடித் தந்தது. இடையில் கழிந்தவை இரண்டே ஆண்டுகள். கணவரின் துணையும், ஒரு பெண் எழுத்தாளரின் பிடிவாதமும், ஆட்சியாளரின் ஆதரவும் பதீஆவுக்குக் கிடைத்தன. அரை நூற்றாண்டு காலம் நடித்துப் புகழ் பெற்று, 1994இல் தொண்ணூறு வயதைத் தாண்டிய மூதாட்டியாக அவர் காலமானார்.

மரக்கடையில் விமானம் கட்டியவர்

இனி மீண்டும் வானத்துக்கு வருவோம். வஜீஹி 1896இல் இஸ்தான்பூலில் பிறந்தவர். முதலாம் உலக யுத்தத்தில் விமானியாகச் சென்று ரஷ்யரிடம் கைதியானார். கஸ்பியன் கடலிலுள்ள ஒரு தீவில் சிறை வைக்கப்பட்டிருந்த அவர் நீந்தித் தப்பி, ஈரான் வழியாக ஊர் வந்து சேர்ந்தார்.

யுத்தத்தில் கைப்பற்றிய இயந்திரத்தைக் கொண்டு தாமே ஒரு விமானத்தைக் கட்டி, 1925 ஜனவரியில் இஸ்மீரில் பறந்தார். அதைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை. காத்திருந்து சலித்த அவர் தாமே ஏறி ஓட்டிக் காட்டினார். கிடைத்தது பாராட்டு அல்ல. அனுமதியின்றிப் பறந்ததற்குத் தண்டனை! மனம் வெறுத்து விமானப் படையை விட்டு விலகினார்.

1930இல் கதிகோயில் ஒரு மரக்கடையை வாடகைக்கு எடுத்து, சில மாதங்களிலேயே இன்னொரு விமானத்தைக் கட்டி முடித்தார். மீண்டும் அதே பதில்: சான்றிதழ் கொடுக்க ஆளில்லை. மனிதர் சளைக்கவில்லை. விமானத்தைத் துண்டு துண்டாகக் கழற்றிப் புகையிரதத்தில் ஏற்றி செக்கோஸ்லோவாக்கியாவுக்குக் கொண்டு சென்றார். அங்கே அதைப் பூட்டிப் பறந்து காட்டி, 1931 ஏப்ரலில் சான்றிதழுடன் தாய்நாடு திரும்பினார்.

1932இல் அவர் கதிகோயில் பொதுமக்களுக்கென விமானப் பயிற்சிப் பாடசாலை ஒன்றைத் திறந்தார். மாணவர்களுடன் இரண்டு பெண்களும் சேர்ந்தார்கள். ஒருவர் பத்ரிய்யா தாஹிர். காரியாலயம் ஒன்றில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே பயின்றவர். பறக்கப் போகிறார் என்பதற்காக அவருடைய சம்பளத்தில் வெட்டு விழுந்தது. ஆனாலும் விடவில்லை. 1933இல் துருக்கியின் முதற் பெண் விமானி என்ற பெயரைப் பெற்றார். உடன் பயின்றவர்கள் அவரை அன்போடு 'கோக்மென் பாஜி' என்று அழைத்தார்கள். 'பாஜி' என்றால் சகோதரி. நாம் 'தாத்தா' என்று சொல்வதைப் போல.

மற்றவர் வஜீஹியின் உறவுப் பெண் எரீபா. 1936இல் பரசூட்டில் குதித்தபோது நேர்ந்த விபத்தில் இளம் வயதிலேயே உயிரிழந்தார். பாடசாலையும் பண வசதியின்றி மூடப்பட்டது. பின்னர் வஜீஹி ஜெர்மனிக்குச் சென்று இரண்டு ஆண்டுகளில் பொறியியற் பட்டம் பெற்று வந்தார். இரண்டு ஆண்டுகளில் எவரும் பொறியியலாளராக முடியாது என்று அதையும் ஏற்க மறுத்தார்கள். 1954இல் அவர் தொடங்கிய விமான சேவையும் நிலைக்கவில்லை. 1969 ஜூலை 16ஆம் திகதி அங்காராவில் கண் மூடினார். சந்திரனில் முதன்முதலாக மனிதரை இறக்கிய விண்கலம் பூமியை விட்டுக் கிளம்பியதும் அதே நாளில்தான்.

அவர் தமக்குச் சூட்டிக்கொண்ட குடும்பப் பெயர் ஹூர்குஷ். 'சுதந்திரப் பறவை' என்று பொருள். துருக்கியில் தயாரிக்கப்பட்டு 2013இல் முதன்முதலாகப் பறந்த பயிற்சி விமானத்துக்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

விமான நிலையமான பெயர்

இஸ்தான்பூலின் ஆசியாக் கரையில் 2001இல் திறக்கப்பட்ட விமான நிலையத்தின் பெயர் ஸபீஹா கோக்சென். இவர் பிறந்தது 1913இல் புர்ஸா நகரில். சிறிது காலம் உஸ்குதாரில் படித்தார். பெற்றோரை இழந்த இவரை முஸ்தபா கமால் வளர்ப்பு மகளாக ஏற்றார். 1935இல் பறக்கப் பயின்று, உலகின் முதற் பெண் போர் விமானிகளில் ஒருவர் என்ற புகழை அடைந்தார். பத்ரிய்யாவுக்குச் சம்பள வெட்டு; ஸபீஹாவுக்கோ அரசின் முழு ஆதரவு.

இந்தப் புகழுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. 1937இல் தெர்சிம் பிரதேசத்தில் நடந்த இராணுவ நடவடிக்கையில் இவர் குண்டு வீசினார். அங்கு 1937, 1938ஆம் ஆண்டுகளில் குழந்தைகளும் பெண்களும் உட்பட ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அதற்காக 2011இல் துருக்கியின் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். எனவே ஒரு பெண் உயரப் பறந்தாள் என்பதோடு நாம் நின்றுவிட முடியாது. எதற்காகப் பறந்தாள் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

அநாதைச் சிறுமியின் குரல்

நிறைவாக ஓர் இனிய வரலாறு. ஸஃபிய்யா அய்லா 1907இல் இஸ்தான்பூலில் பிறந்தவர். பச்சிளம் பருவத்திலேயே தாய் தந்தை இருவரையும் இழந்து அநாதை விடுதியில் வளர்ந்தார். அங்கே படித்து ஆசிரியையானார். பின்னர் பாடகியாகி நாடெங்கும் புகழ் பெற்றார்.

1950இல் அவர் மணந்தவர் ஷரீஃப் முஹ்யித்தீன். உஸ்மானிய அரசு இறுதியாக நியமித்த மக்காவின் ஷரீஃபான அலி ஹைதர் பாஷாவின் மகன். நபிகளாரின் வம்சத்தில் வந்த இவர் ஊத் என்ற நரம்பு வாத்தியத்தில் ஈடிணையற்ற மேதை. நியூயோர்க்கில் கச்சேரி செய்தவர். பக்தாத் இசைக் கல்லூரியை உருவாக்கிப் பல மாணவர்களைத் தயார் செய்தவர். பெருங்குடும்பத்துப் பிள்ளையும் அநாதை விடுதிச் சிறுமியும் இசையால் ஒன்று சேர்ந்தார்கள்.

1998இல் ஸஃபிய்யா காலமானார். தாம் தேடிய செல்வத்தை அவர் மாணவர்களின் படிப்புக்காகத் துருக்கிக் கல்வி நிதியத்துக்கு எழுதி வைத்திருந்தார். தமக்கு ஊர் செய்ததை ஊருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்த வரலாறுகளைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் மகளைக் கூப்பிட்டு, உனக்கு எதில் விருப்பம் என்று கேளுங்கள். அவள் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமலும் போகலாம். சம்மதிப்பதும் மறுப்பதும் பெற்றோரின் பொறுப்பு. ஆனால் மறுக்கும்போதும் வீட்டுக் கதவைத் திறந்தே வையுங்கள். கதவு திறந்திருந்தால் பிள்ளை எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வருவாள். அஃபீபாவுக்கு அந்த ஒரு கதவு இல்லாமற் போயிற்று. அவருக்கு இன்று கொடுக்கப்படும் எந்த விருதும் அதற்கு ஈடாகாது.